பதினேழு பிராங்க்

நான் எவ்வளவு கடன்பட்டவள் என்று
எழுதித் தருகிற தாளுக்கு விலை
பதினேழு பிராங்க்.
பேர்ண் நகரக் கடன் வசூல் அலுவலகத்தில்
அட்டையை நீட்டிக் கட்டினேன்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்
நல்ல நாளாகட்டும் என்றாள்.

என் வேலை கதவுகளோடு.
தெரிந்தவரென்றால் பச்சை,
தெரியாதவரென்றால் சிவப்பு:
அந்தச் சின்ன விளக்கை
எட்டு வருடமாகச் சுவர்களில் பொருத்துகிறேன்.
வங்கி, ஆஸ்பத்திரி,
ஒரு தடவை கரடிப் பூங்காவின் தீனி அறை.
இப்போது பாதுகாப்பு அமைச்சின் கட்டடம்,
நிலத்துக்குக் கீழே இரண்டு மாடி.
அதற்குள் இறங்கும் முன்
என்னை ஒருவர் விளக்குக்கு முன்னால்
நிறுத்திப் பார்க்க வேண்டுமாம்.

அவர் பெயர் ஏஷ்லிமன்.
ஓய்வுக்குக் கிட்டிய வயது,
மேசையில் பாதி கடித்த ஆப்பிள்.
தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.
இரண்டே வரி.
மருத்துவக் காப்புறுதி, நானூற்றுப் பன்னிரண்டு.
வருமான வரி, ஆயிரத்து எழுபது.
ஏன் என்றார்.

கடை பூட்டிய வருடம் என்றேன்.
ஒஸ்டர்முண்டிகனில் என் கணவர்
மரவள்ளியும் தொலைபேசி அட்டையும் விற்ற கடை.
அட்டை யாருக்கும் வேண்டாமற் போய்
கிழங்கு மட்டும் மிஞ்சிய வருடம்.
காசில்லை என்று சொல்லவில்லை;
கடிதங்களைத் திறக்கவில்லை என்றேன்.
அதுதான் உண்மை.
மைக்ரோவேவின் மேல் அடுக்கி
அதன் மேல் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்திருந்தேன்.

தலையாட்டினார்.
கடனொன்றும் குற்றமில்லையாம்.
கடன்பட்டவரை யாராவது
விலைக்கு வாங்கிவிடலாம் என்பதுதானாம் பயம்.
பிறகு, ஆப்பிளைத் தள்ளி வைத்து,
"இந்தத் தாளில் இல்லாத கடன் ஏதும்?"

சப்பாத்துக்குள் என் கால்விரல்கள் மடங்கின.
இல்லை என்றால் முடிந்தது.
எந்தப் பதிவேட்டுக்கும் தெரியாது.
செங்கமலம் அக்காவின் கொப்பியில்
நீல மையில் இருக்கிறது:
சீட்டு, இருபது பேர், மாதம் ஆயிரம்.
மூன்றாம் மாதமே கழித்து எடுத்தவள் நான்.
கடைக்குத்தான்.
பதினொரு மாதம் கட்டினேன்,
பிறகு கட்டவில்லை.
முதியோர் இல்லத்துச் சமையலறையில்
பாத்திரம் தேய்த்த காசில்
என் ஒன்பதாயிரத்தையும் மற்றவர்களுக்கு
அக்காதான் எண்ணிக் கொடுத்தார்.

சொன்னேன்.
ஜெர்மனில் சீட்டுக்குச் சொல் தேடிக் களைத்து
"நாங்களே ஒரு வங்கி, கட்டடம் மட்டும் இல்லை" என்றேன்.
கையெழுத்து?
இல்லை.
வட்டி?
கழிவை விளக்கத் தொடங்கி, பாதியில் விட்டேன்.
சாட்சி?
பத்தொன்பது பேர்.

"கட்டாவிட்டால் அந்த அம்மா என்ன செய்வார்?"

ஒன்றும் செய்யமாட்டார்.
சனிக்கிழமை கடையில்
வெண்டிக்காய் பொறுக்கும்போது கண்டால்
"சுகமோ பிள்ளை?" என்பார்.

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான்.

அந்த ஒரு சொல்லுக்காக
மூன்று வருடமாக நான்
இரண்டு தரிப்பிடம் தள்ளி இறங்கி
வேறு கடையில் வெண்டிக்காய் வாங்குவதை
அவர் கேட்கவில்லை.
கேட்க அவரிடம் கட்டம் இல்லை.

படிவத்தில் எழுதினார்,
எனக்குத் தெரியும்படியே:
வெளி அழுத்தம், இல்லை.
நானூற்றுப் பன்னிரண்டின் கீழ் மட்டும்
அடிமட்டம் வைத்து
நேராக ஒரு கோடு.

முடிவு தபாலில் வரும்,
ஆறேழு கிழமையாகும் என்றார்.
கை கொடுத்தார். ஆப்பிள் மணந்தது.

வாசலில் விளக்கு பச்சையாகி
என்னை வெளியே விட்டது.
நான் பொருத்தியதல்ல.
சற்றுச் சாய்ந்திருந்தது.